ரெஸ்லிங் 'டூப்பு' ஆனது எப்போது? அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே மாறியது என்ன?

ரெஸ்லிங் பற்றிப் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "எல்லாம் டூப்பு, ஒரு அடிகூட உண்மையில் விழாது" என்பது ஒரு கட்சி. "அந்தக் காலத்தில் நிஜமாகவே அடித்துக்கொண்டார்கள், இப்போதுதான் நாடகமாக்கிக் கெடுத்துவிட்டார்கள்" என்பது இன்னொரு கட்சி. நானும் பல வருடம் இரண்டாவது கட்சியில்தான் இருந்தேன். பழைய வரலாற்றைத் தேடிப் படித்த பிறகுதான் இரண்டுமே தவறு என்று புரிந்தது.

முடிவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நேற்று வந்த பழக்கம் அல்ல. அதற்கு நூறு வயது ஆகிவிட்டது. வலியோ இன்றைக்கும் நிஜம். அப்படியென்றால் மாறியது எது? என் கணக்கில் இரண்டு விஷயங்கள்: அந்த ரகசியம் யார் கையில் இருந்தது என்பது ஒன்று, பணம் எந்த வழியாக வந்தது என்பது இன்னொன்று. பணம் வரும் வழி மாறிய ஒவ்வொரு முறையும் சண்டையின் வடிவமும் மாறியிருக்கிறது.

## அப்பாவும் மகளும் கை மடக்கும் விளையாட்டு

ஐந்து வயது மகளோடு ஒரு அப்பா மேசையில் முழங்கையை ஊன்றிக் கை மடக்கும் போட்டி நடத்துகிறார். தோற்கப்போவது யார் என்று அவருக்கு முன்பே தெரியும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே தோற்றால் மகளுக்குச் சுவாரசியம் இருக்காது. அதனால் முதலில் அவள் கையைப் பாதி தூரம் சாய்ப்பார். அவள் முகம் வாடும் நேரம் பார்த்து மெல்ல விட்டுக்கொடுப்பார். பல்லைக் கடிப்பார், முனகுவார், கடைசியில் கை மேசையில் படும்போது வலியில் துடிப்பதுபோல் அலறுவார். மகள் துள்ளிக் குதிப்பாள்.

ரெஸ்லிங்கின் எலும்புக்கூடு இதுதான். முடிவு தெரியும், ஆனால் அங்கே போய்ச் சேரும் பாதையில்தான் திறமை இருக்கிறது. அப்பா முகம் சுளித்து முனகினாரே, அதற்கு இந்தத் தொழிலில் செல்லிங் என்று பெயர்: வாங்கிய அடி எவ்வளவு வலித்தது என்பதைப் பார்ப்பவர் நம்பும்படி உடம்பால் காட்டுவது. யார் ஜெயிக்க வேண்டும், எப்போது ஜெயிக்க வேண்டும் என்று திட்டமிடுபவர் புக்கர். கூட்டத்தின் கோபத்தைச் சம்பாதிக்க வேண்டிய வில்லன் ஹீல், கூட்டம் கைதட்டி ஆதரிக்க வேண்டிய நாயகன் ஃபேஸ். இந்த நான்கு சொற்கள் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

## வலி எங்கே இருக்கிறது?

கை மடக்கும் விளையாட்டில் அப்பாவுக்கு வலிப்பதில்லை. இங்கே வலிக்கும்.

ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகைகள், அதற்கும் மேல் மெல்லிய நுரைப் பாய், கடைசியாக இழுத்துக் கட்டிய கித்தான் துணி. அந்தப் பலகைகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அவ்வளவுதான். அதன்மேல் ஒரு நாளைக்குப் பலமுறை முதுகில் விழ வேண்டும். அப்படி விழுவதற்குப் பெயர் பம்ப். பயிற்சியில் முதலில் கற்றுத்தருவதே இதைத்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்துத் தலை பின்னால் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். கைகளை விரித்துத் தரையில் அறைய வேண்டும். மெத்தையில் முழங்காலை ஊன்றினால் ஆழமாகக் குழி விழுகிறது, படுத்தால் விழுவதில்லை அல்லவா? அதே கணக்கு. விழும் வேகம் ஒரே புள்ளியில் இறங்காமல் உடம்பு முழுவதும் பரவுகிறது. கை அறையும் சத்தம் அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிறது.

ஆக, பம்ப் என்பது வலியைப் பங்கு போட்டுத் தாங்கும் வழி. வலியே இல்லாமல் செய்யும் வித்தை அல்ல. இருபது வருடம் இதைச் செய்தவர்களின் கழுத்தும் முழங்காலும் என்ன ஆகின்றன என்று பார்த்தால், 'டூப்பு' என்ற சொல் எவ்வளவு அநியாயம் என்று தெரியும்.

தூக்கி எறிவதிலும் இரண்டு பேரின் உழைப்பு இருக்கிறது. தூக்கச் சொல்லிக் கையை நீட்டும் குழந்தையைச் சுலபமாகத் தூக்கிவிடலாம். அதே குழந்தை அடம்பிடித்து உடம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டால், எடை ஒன்றுதான் என்றாலும் இரண்டு மடங்கு கனக்கும். ரிங்கில் தூக்கப்படுபவர் சரியான நொடியில் எம்பிக் கொடுக்கிறார். தூக்குபவர் அவரைப் பத்திரமாக இறக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். ஒருவருடைய கழுத்து இன்னொருவர் கையில் இருக்கிறது என்பதை இங்கே சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்தது: முடிவு பேசி வைத்தது, எதிராளிகள் ஒத்துழைக்கிறார்கள், விழுவது நிஜம். இனி வரலாற்றுக்குப் போகலாம்.

## நிஜமாகவே மோதிய காலம் எப்படி முடிந்தது

நிஜமான போட்டிகள் ஒரு காலத்தில் நடக்கத்தான் செய்தன. 1908ல் சிகாகோவில் அமெரிக்கரான ஃபிராங்க் காட்ச், ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட்டைச் சந்தித்தார். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து ஹேக்கன்ஷ்மிட் விட்டுக்கொடுத்தார். 1916ல் ஒமாஹா நகரில் ஜோ ஸ்டெக்கரும் எட் 'ஸ்ட்ராங்க்லர்' லூயிஸும் மோதியது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் நீண்டு, கடைசியில் சமனில் முடிந்தது.

பார்வையாளராக அதைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டு பலசாலிகள் ஒருவரையொருவர் பிடித்தபடி, பெரும்பாலும் அசையாமல், மணிக்கணக்கில். டிக்கெட் வாங்கி வந்தவர் அடுத்த முறை வருவாரா?

அந்தக் கேள்விக்கு 1920களில் விடை கண்டவர்கள் மூன்று பேர்: அதே எட் லூயிஸ், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட். ஆட்டத்துக்கு நேர வரம்பு வைத்தார்கள். குத்துச்சண்டையின் வேகத்தையும் தூக்கி எறியும் பிடிகளையும் கலந்தார்கள். வீரர்களை ஒரே குழுவாக ஒப்பந்தம் செய்து ஊர் ஊராக அழைத்துப் போய், யார் எங்கே ஜெயிப்பது என்று தாங்களே முடிவு செய்தார்கள். திருவிழாச் சந்தைக் கூடாரங்களில் பேசி வைத்த சண்டைகள் இதற்கு முன்பே உண்டு. ஆனால் அதை ஒரு முழுத் தொழிலாக்கியது இவர்கள்தான் என்று சொல்லலாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. 1925ல் வேய்ன் மன் என்ற முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரரிடம் சாம்பியனுக்கு உரிய பெல்ட் இருந்தது. ஆள் பிரம்மாண்டம், ஆனால் உண்மையான மல்யுத்தம் தெரியாது. அவரிடம் தோற்பதாக ஒப்புக்கொண்டு ரிங்கில் ஏறிய ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோ, பேச்சை மீறி நிஜமாகவே அவரை மடக்கிப் போட்டார். கூட்டத்தின் முன்னால் நடந்ததை யாரால் மாற்ற முடியும்? பெல்ட் கைமாறியது. இப்படித் திட்டத்தை மீறி நிஜமாகிவிடும் மோதலுக்கு ஷூட் என்று பெயர். இதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, பெல்ட் வைத்திருப்பவர் தேவைப்பட்டால் நிஜமாகவே எதிராளியை மடக்கத் தெரிந்தவராகவும் இருப்பது நல்லது என்று முதலாளிகள் நினைத்தார்கள். லூ தெஸ் போன்றவர்கள் நீண்ட காலம் சாம்பியனாக இருந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

## ரகசியத்துக்காக வாழ்ந்தவர்கள்

1948ல் அமெரிக்காவின் உள்ளூர் முதலாளிகள் சிலர் கூடி என்.டபிள்யூ.ஏ. என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் நுழைவதில்லை என்று உடன்பட்டார்கள். அந்தப் பகுதிகளுக்கு டெரிட்டரி என்று பெயர். வீரர்கள் ஒரு டெரிட்டரியில் சில மாதம் வேலை செய்வார்கள், கூட்டம் சலித்துப்போகும் முன் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பணம் முழுக்க டிக்கெட் விற்பனையில் இருந்து வந்தது. இந்த வில்லனை நம் ஆள் அடுத்த வாரமாவது அடிப்பானா என்ற தவிப்புதான் டிக்கெட்டை விற்றது. தவிப்பு வர வேண்டுமென்றால் நம்பிக்கை வேண்டும்.

அதனால்தான் கேஃபேப் அவ்வளவு புனிதமாக இருந்தது. ரிங்கில் நடப்பதெல்லாம் உண்மை என்ற தோற்றத்தை ரிங்குக்கு வெளியிலும், இருபத்து நான்கு மணி நேரமும் காப்பாற்றும் கட்டுப்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். ஹீலும் ஃபேஸும் ஒரே காரில் போகக் கூடாது, ஒரே உணவகத்தில் சேர்ந்து சாப்பிடக் கூடாது. உடை மாற்றும் அறைகள் தனித்தனி.

இது எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ஒரு சம்பவம் என் மனதை விட்டு அகலவே இல்லை. 1975 அக்டோபரில் வட கரோலினாவின் வில்மிங்டன் அருகே ஒரு சிறிய விமானம் விழுந்தது. உள்ளே இருந்த ரிக் ஃபிளேருக்கு முதுகெலும்பு உடைந்தது. ஜானி வாலண்டைன் அதற்குப் பிறகு ரிங்கில் ஏறவே முடியவில்லை. விமானியும் பிற்பாடு இறந்துபோனார். அந்த விமானத்தில் டிம் வுட்ஸும் இருந்தார். அவர் ஃபேஸ், ஃபிளேரும் வாலண்டைனும் ஹீல்கள். இவர்கள் சேர்ந்து பயணம் செய்தது வெளியே தெரிந்தால் அந்த டெரிட்டரியின் பிழைப்பே போய்விடும். அடிபட்ட நிலையிலும் வுட்ஸ் தன் இயற்பெயரைச் சொல்லி, தான் நிகழ்ச்சி நடத்துபவர் என்று சொல்லிக்கொண்டார். சந்தேகம் வராமல் இருக்க, வலியோடு சில வாரங்களுக்குள் ரிங்குக்கும் திரும்பினார். கூட வேலை செய்பவர்களின் வருமானத்தைக் காப்பாற்ற ஒரு மனிதர் இதைவிட என்ன செய்ய முடியும்?

அந்த நம்பிக்கை கூட்டத்திடமும் இருந்தது. புரூனோ சம்மார்ட்டினோ 1963ல் நியூயார்க்கில் பெல்ட்டை வென்று ஏழரை ஆண்டுகளுக்கும் மேலாக வைத்திருந்தார். 1971 ஜனவரியில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இவான் கோலாஃபிடம் தோற்றபோது அரங்கமே உறைந்துபோனது. தனக்குத்தான் காது கேட்காமல் போய்விட்டதோ என்று அந்த நொடியில் பயந்ததாக அவர் பிற்பாடு சொன்னார்.

சுருக்கமாக: டிக்கெட் பணத்தில் ஓடிய காலத்தில் ரகசியம்தான் மூலதனம். சண்டை மெதுவாக, நீளமாக, பிடிகள் நிறைந்ததாக இருந்தது. முடிவை மட்டும் முன்பே தீர்மானிப்பார்கள். நடுவில் என்ன செய்வது என்பதை, பெரும்பாலும் ஹீலாக இருக்கும் ஒருவர், கூட்டத்தின் நாடி பிடித்துப் பார்த்து எதிராளியின் காதில் முணுமுணுத்து நடத்துவார்.

## தொலைக்காட்சி வந்த பிறகு

1940களின் கடைசியில் தொலைக்காட்சி பரவியபோது, மலிவாகப் படம் பிடிக்க ரெஸ்லிங் வசதியாக இருந்தது. ஒரே ரிங், ஒரே வெளிச்சம். அந்தக் கண்ணாடித் திரைக்கு எது பொருந்தும் என்று முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் 'கார்ஜியஸ்' ஜார்ஜ். பொன்னிறமாக்கிச் சுருட்டிய முடி, பளபளக்கும் அங்கி, ரிங்கில் வாசனைத் திரவியம் தெளிக்க ஒரு பணியாள். அவர் நடந்து வருவதே ஒரு நிகழ்ச்சி. அவருடைய வாய்ச்சவடாலில் இருந்துதான் தானும் கற்றுக்கொண்டதாக முகமது அலியே சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் டெரிட்டரி எல்லைகள் அப்படியே இருந்தன. அவற்றை உடைத்தது 1980களின் கேபிள் தொலைக்காட்சி. 1982ல் தந்தையிடமிருந்து நியூயார்க் நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.ஐ வாங்கிய வின்ஸ் மெக்மேன், பழைய உடன்பாடுகளை மதிக்காமல் நாடு முழுவதும் இறங்கினார். 1984 ஜனவரியில் ஹல்க் ஹோகன் சாம்பியனானார். 1985 மார்ச் 31ல் அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெஸில்மேனியா முதல் முறை நடந்தது. தொலைவில் இருந்தே பணம் கட்டிப் பார்க்கும் ஏற்பாடு வந்ததும், அடுத்த வாரம் இதே ஊருக்கு இதே கூட்டம் வர வேண்டும் என்ற கவலை குறைந்தது. முகம் தெரிந்த நட்சத்திரங்களும் பெரிய உடம்புகளும் ஒரு பொம்மைக் கடையில் விற்கக்கூடிய கதாபாத்திரங்களும் தேவைப்பட்டன. சண்டைகள் சுருங்கின.

1987ன் ரெஸில்மேனியா 3 இரண்டு வகையில் முக்கியம். எல்லோருக்கும் நினைவிருப்பது ஹோகன் ஆந்த்ரே தி ஜயண்டைத் தூக்கிப் போட்டது. (ஆந்த்ரே சம்மதிக்காமல் அவரைத் தரையில் இருந்து யாராலும் கிளப்பியிருக்க முடியாது.) ஆனால் எதிர்காலம் இன்னொரு ஆட்டத்தில் இருந்தது. ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதியது. சாவேஜ் அதன் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே எழுதி, இருவரும் மனப்பாடம் செய்து ஆடினார்கள். அன்றைக்கு அது அபூர்வம். இன்றைய பெரிய ஆட்டங்களில் அப்படித் திட்டமிடுவது சகஜம். இன்றைய சண்டை ஏன் நடனம்போல இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. மீதிப் பாதி ஜப்பானில் இருந்தும் மெக்சிகோவில் இருந்தும் வந்த வேகமும் பறக்கும் அசைவுகளும்.

## ரகசியத்தை வெளியே சொன்னது யார்?

ரகசியத்தை உடைத்தது ஏதோ ஒரு துப்பறியும் பத்திரிகையாளர் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுவனமே சொன்னது. அமெரிக்க மாநிலங்களில் குத்துச்சண்டையைப் போலவே ரெஸ்லிங்கும் விளையாட்டு ஆணையங்களின் கட்டுப்பாட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டிருந்தது. 1989ல் நியூஜெர்சியில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கக் கோரியபோது, இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பு அதிகாரபூர்வமாகவே ஒப்புக்கொண்டது. டிம் வுட்ஸ் உடைந்த உடம்போடு காத்த ரகசியம் ஒரு செலவுக் கணக்கில் கரைந்தது. எனக்கு அதைப் படித்தபோது மனம் கனத்தது.

அதன் பிறகு ரசிகருக்கும் தொழிலுக்கும் இடையே புது உறவு உருவானது. 1997 நவம்பரில் மாண்ட்ரியலில் நடந்தது அதன் உச்சம். சாம்பியன் பிரெட் ஹார்ட் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போகவிருந்தார். தன் சொந்த நாடான கனடாவில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க அவருக்கு மனமில்லை. வேறொரு முடிவு பேசி வைக்கப்பட்டது. ஆனால் மைக்கேல்ஸ் அவரை ஒரு பிடியில் வைத்திருந்த நேரம், ஹார்ட் விட்டுக்கொடுக்காமலேயே மணியை அடிக்கச் சொன்னார் மெக்மேன். 1925ல் ஒரு வீரர் முதலாளிகளுக்குச் செய்ததை, இங்கே முதலாளி வீரருக்குச் செய்தார்.

அடுத்து நடந்ததுதான் நம் கட்டுரைக்கு முக்கியம். இதை மறைக்காமல், மெக்மேன் தன்னையே கொடுமைக்கார முதலாளியாக, ஹீலாக, திரையில் காட்ட ஆரம்பித்தார். அவரை எதிர்க்கும் தொழிலாளியாக ஸ்டீவ் ஆஸ்டின். முதலாளியின் முகத்தில் அறைய ஆசைப்படாதவர் யார்? திங்கட்கிழமை இரவுகளில் இரண்டு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் மோதிய அந்தப் போட்டி, 2001ல் டபிள்யூ.சி.டபிள்யூ.வை மெக்மேன் வாங்கியதோடு முடிந்தது.

நின்று பார்த்தால்: முன்பு ரசிகர் "இது நிஜம்" என்று நம்பினார். இப்போது "இது கதை, ஆனால் இதில் எந்தத் துண்டு நிஜம்?" என்று தேட ஆரம்பித்தார்.

## உடம்பு கொடுத்த விலை

ரகசியம் போன பிறகு கூட்டத்தை வாய் பிளக்க வைக்க இன்னும் பெரிய அபாயம் தேவைப்பட்டது. 1998ல் சுமார் 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் தள்ளிவிட்டார். அன்று ஃபோலி இரண்டு முறை விழுந்தார், இரண்டாவதில் நினைவிழந்தார். 1999 மே மாதம் கன்சாஸ் சிட்டியில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சியில் ஓவன் ஹார்ட் விழுந்து உயிரிழந்தார். ஒரு நுழைவுக் காட்சிக்காக ஒரு உயிர் போனது. அதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

2005ல் எடி கெரேரோ என்ற வீரர் இறந்ததற்குப் பிறகு, நிறுவனம் போதை மற்றும் ஊக்கமருந்துப் பரிசோதனைத் திட்டத்தை 2006ல் கொண்டுவந்தது. தலைக்காயம் மூளையை எப்படி நிரந்தரமாகச் சிதைக்கிறது என்பது பேசப்பட்ட பிறகு, தலையில் நாற்காலியால் அடிப்பது 2010ல் தடை செய்யப்பட்டது. இன்று ரத்தம் குறைந்திருக்கிறது என்று குறைப்படும் பழைய ரசிகர்களோடு நான் உடன்பட மாட்டேன். எனக்குப் பிடித்த வீரர் ஐம்பது வயதில் தன் பிள்ளைகளின் பெயரை நினைவில் வைத்திருப்பதுதான் எனக்கு முக்கியம்.

## இன்றைக்கு யார் தீர்மானிக்கிறார்கள்?

இன்று பெரிய பணம் ஒளிபரப்பு உரிமையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் மெக்மேன் கட்டிய நிறுவனத்தின் வாராந்திர நிகழ்ச்சியான 'ரா' நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. அது பத்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலருக்கும் அதிகமான ஒப்பந்தம். பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப்.தான் இப்போது டபிள்யூ.டபிள்யூ.இ. என்று அழைக்கப்படுகிறது; அது 2023ல் நிஜமான கலப்புச் சண்டைப் போட்டிகளை நடத்தும் யு.எஃப்.சி.யோடு சேர்ந்து டி.கே.ஓ. என்ற குழுமத்தின் பகுதியானது. 2019ல் தொடங்கிய ஏ.இ.டபிள்யூ. என்ற போட்டி நிறுவனம் மாற்று மேடையாக இருக்கிறது. வருமானம் இப்படி முன்கூட்டியே உறுதியாவதால், ஒவ்வொரு இரவும் அரங்கம் நிரம்பாவிட்டால் பட்டினி என்ற பழைய நெருக்கடி இல்லை. விளம்பர இடைவேளைக்கு ஏற்றபடி ஆட்டம் வகுக்கப்படுகிறது. நேரம் எவ்வளவு மீதி என்பது நடுவரின் காதுக் கருவி வழியாக வீரர்களுக்குப் போகிறது.

ரசிகரின் பங்கும் மாறிவிட்டது. முன்பு அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் டிக்கெட் வாங்க மாட்டார், அவ்வளவுதான். 2014ல் டேனியல் பிரையனை ஓரத்தில் வைத்தபோது அரங்கம் அரங்கமாக ரசிகர்கள் கத்திக் கத்தியே அவரை ரெஸில்மேனியாவின் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2015 பிப்ரவரியில் ஒரு பெண்கள் ஆட்டம் முப்பது விநாடிகளில் முடிந்தபோது, பெண்களுக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்ற குரல் இணையம் முழுக்க எழுந்தது. நான்கே ஆண்டுகளில், 2019ல், பெக்கி லிஞ்ச், ரோண்டா ரவுசி, சார்லட் ஃபிளேர் மூவரின் ஆட்டம் ரெஸில்மேனியாவின் கடைசி ஆட்டமாக நடந்தது. என்னைக் கேட்டால், இத்தனை மாற்றங்களிலும் சந்தேகமில்லாமல் நல்லது இதுதான்.

கேஃபேப் முழுவதும் செத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. மெக்சிகோவின் முகமூடி வீரர் எல் சாண்டோ 1984ல் இறந்தபோது வெள்ளி முகமூடியோடே அடக்கம் செய்யப்பட்டார். இன்று அப்படி வாழ யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் மணி அடித்த பிறகு வீரர்களும் ரசிகர்களும் சேர்ந்து ஒரு கதையை நம்பச் சம்மதிக்கிறார்கள்.

அடுத்த முறை ஒரு ஆட்டம் பார்க்கும்போது, தூக்குபவரை விட்டுவிட்டுத் தூக்கப்படுபவரின் கால்களைக் கவனியுங்கள். மேலே போவதற்குச் சற்று முன் முழங்கால் லேசாக மடியும், பாதம் தரையை உந்தும். அந்தச் சின்ன எம்பல் 1920களிலும் இருந்தது, இன்றும் இருக்கிறது.